எடைக்கல் பக்கம்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் சிறுவர் பகுதியில் 'உங்கள் எடை மற்ற கோள்களில்' என்று ஒரு பட்டியல் வந்தது. அதைப் போட்டவன் நானல்ல. ஆனால் அதைப் படித்தவர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்திருக்கின்றன. காரணம் புரிகிறது. பணிக்காலம் முழுவதும் முத்திரை ஆய்வாளராகச் சந்தை சந்தையாக அலைந்து, தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைத்தவன் நான். எடை என்று யார் எங்கே பேசினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. விடை மட்டும் இருக்கிறது, கணக்கு இல்லை. கணக்கைக் காட்டாத பில்லை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு என்று பட்டியல் சொல்கிறது. நிலாவின் நிறை பூமியின் நிறையில் 81இல் ஒரு பங்குதான் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தேன். அப்படியானால் 42 கிலோ இருக்கும் நான் அங்கே அரைக் கிலோதானே இருக்க வேண்டும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேனி

மகளே, இந்த மாதம் வந்த கேள்விகளில் இதுதான் முதல் தரம். இரண்டு புத்தகங்களை அருகருகே வைத்து, இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று கேட்டிருக்கிறாய்.

நிறையை மட்டும் பார்த்தால் நீ சொல்வது சரி. ஆனால் ஈர்ப்பு, இழுக்கும் பொருளின் நிறையை மட்டும் பொறுத்ததல்ல. அதன் மையத்திலிருந்து நீ எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய் என்பதையும் பொறுத்தது. பூமியில் நீ மையத்திலிருந்து 6,371 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறாய். நிலாவில் நின்றால் மையம் 1,737 கிலோமீட்டரில் இருக்கும். அதாவது 3.67 மடங்கு நெருக்கம். தூரம் பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்காகும், மூன்றில் ஒன்றானால் ஒன்பது மடங்காகும் என்பது நியூட்டனின் விதி. எனவே 3.67ஐ 3.67ஆல் பெருக்கு. ஏறக்குறைய 13.5 வரும். நிறை குறைந்ததால் 81 பங்கு நட்டம், நெருங்கி நிற்பதால் பதின்மூன்றரை மடங்கு லாபம். 81ஐ 13.5ஆல் வகுத்தால் 6. உன் 42 கிலோ அங்கே 7 கிலோவாகக் காட்டும்.

எந்தக் கோளுக்கும் இதே வழிதான். பூமியின் நிறை 1, ஆரம் 1 என்று வைத்துக்கொள். அந்தக் கோளின் நிறையை அதன் ஆரத்தால் ஒருமுறை வகு. வந்த விடையை அதே ஆரத்தால் மறுபடி வகு. செவ்வாயின் நிறை 0.107, ஆரம் 0.532. ஒருமுறை வகுத்தால் 0.201, மறுமுறை வகுத்தால் 0.378. உன் எடை 16 கிலோ. இப்போது புதனுக்கு நீயே போட்டுப் பார். நிறை 0.055, ஆரம் 0.383. நிறை செவ்வாயில் பாதிதான். ஆனாலும் விடை அதே 16 கிலோவை ஒட்டித்தான் வரும். உருவம் சிறியது, உள்ளே இரும்பு அதிகம், அதனால் சரிக்கட்டிவிடுகிறது.

இதிலேயே இன்னொரு குறுக்குவழியும் ஒளிந்திருக்கிறது. ஒரு கோளத்தின் அடர்த்தியையும் ஆரத்தையும் பெருக்கினால், அதன் மேற்பரப்பு ஈர்ப்புக்கு விகிதமாக ஓர் எண் கிடைக்கும். சனிக்கோளின் பெரிய துணைக்கோளான டைட்டனை எடுத்துக்கொள். ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் 2005 ஜனவரியில் அங்கே இறங்கியது. டைட்டனின் ஆரம் 2,575 கிலோமீட்டர், நம் நிலாவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அங்கே எடை கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. நிலாவில் 7 கிலோ காட்டும் நீ டைட்டனில் 6 கிலோவுக்கும் குறைவாகவே காட்டுவாய். நிலா முழுக்கப் பாறை. அடர்த்தி தண்ணீரைப் போல 3.34 மடங்கு. டைட்டனில் பெரும்பகுதி பனிக்கட்டி, அடர்த்தி 1.88 மடங்குதான். இரண்டையும் பெருக்கிப் பார்த்து, விடையை உன் அறிவியல் ஆசிரியரிடம் காட்டு.

எடை இடத்துக்கு இடம் மாறும் என்றால், சென்னையில் வாங்கிய தங்கத்தை வேறு ஊரில் விற்று லாபம் பார்க்க முடியுமா? எங்கள் கடையில் விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு, பந்தயத்தில் வந்து நிற்கிறது.
— நகைக்கடை ஊழியர், கோயம்புத்தூர்

பந்தயத்தில் எந்தப் பக்கம் பணம் கட்டினீர்கள் என்று எழுதவில்லை. எந்தப் பக்கமாக இருந்தாலும், கடையில் எந்தத் தராசு இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு தட்டுள்ள கோல் தராசு என்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு தட்டில் நகை, மறு தட்டில் எடைக்கல். ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் சேர்த்தே குறையும். முள் நடுவிலேயே நிற்கும். நிலாவுக்கே கொண்டுபோனாலும் பத்துப் பவுன் பத்துப் பவுன்தான். அந்தத் தராசு எடையை அளப்பதில்லை. எதிரில் இருக்கும் கல்லோடு ஒப்பிட்டு நிறையைச் சொல்கிறது.

வில் தராசு அப்படியல்ல. அது இழுவையை அளக்கிறது. இன்று கடைகளில் இருக்கும் மின்னணுத் தராசும் அதன் வாரிசுதான். தட்டில் அழுத்தும் விசையை அளந்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. பூமி முழு உருண்டை அல்ல. நடுக்கோட்டில் சற்றுப் புடைத்திருக்கிறது, சுழலவும் செய்கிறது. ஆகவே நடுக்கோட்டில் ஈர்ப்பு முடுக்கம் 9.78, துருவத்தில் 9.83. சென்னையில் சரிபார்த்த மின்னணுத் தராசை எதையும் தொடாமல் அப்படியே டெல்லிக்குக் கொண்டுபோனால், பத்துப் பவுனுக்கு, அதாவது 80 கிராமுக்கு, ஏறத்தாழ 70 மில்லிகிராம் கூடுதலாகக் காட்டும். லண்டனுக்குக் கொண்டுபோனால் கால் கிராம் அளவுக்குக் கூடும். ஊட்டிக்கு ஏறினால் சில பத்து மில்லிகிராம் குறையும்.

உடனே பெட்டியைக் கட்டாதீர்கள். தராசை வைத்த இடத்திலேயே, அளவு தெரிந்த எடைக்கல்லைப் போட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அதன் கையேட்டின் முதல் பாடம். நல்ல தராசுகளுக்குள் அதற்கென்றே ஒரு கல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். டெல்லிக் கடைக்காரர் தன் தராசை டெல்லியில் சரிபார்த்திருப்பார். உங்கள் தங்கம் அங்கேயும் 80 கிராம்தான் காட்டும். கடையை இடம் மாற்றினால் தராசை மறுபடி சோதிக்கக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் தொண்டை வற்றச் சொன்னது இதற்காகவும்தான். பல கடைக்காரர்கள் அதை லஞ்சத்துக்கான முன்னுரை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த வித்தியாசத்தை முதலில் காட்டிக்கொடுத்தது தராசு அல்ல, கடிகாரம். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் கயேன் என்ற ஊருக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். பின்னாளில் இதே வேலை நம் ஊரிலும் நடந்தது. சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு எடுத்த அளவுகள் 1822இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாகின. நுங்கம்பாக்கம் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கோளில் என் எடை 64 கிலோ என்று பட்டியல் காட்டுகிறது. பூமியில் 60. நிறை 95 மடங்கு இருக்கும் கோளில் நாலு கிலோதான் கூடுமா?
— வாசகர், தஞ்சாவூர்

கணக்கு சரிதான். நிறை 95, ஆரம் ஒன்பதரை. இரண்டு முறை வகுத்துப் பாருங்கள். எனக்குள்ள சந்தேகம் வேறு: எங்கே நின்றுகொண்டு எடை பார்த்தீர்கள்? அங்கே தரை கிடையாது, வாயுதான். நம் கடல்மட்டத்தில் இருக்கும் அளவுக்கு அழுத்தம் இருக்கும் உயரத்தையே 'மேற்பரப்பு' என்று ஒப்புக்காக வைத்திருக்கிறார்கள். போதாததற்குச் சனி பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தைக் கழித்தால் அதன் நடுக்கோட்டில் உங்கள் எடை 55 கிலோதான், பூமியைவிடக் குறைவு. பட்டியல் போட்டவர் கழிக்கவில்லை.

விண்கலங்கள் போவதற்கு முன்பே வியாழனின் நிறை தெரியும் என்கிறார்கள். யார் போய் எடை போட்டார்கள்?
— கல்லூரி மாணவர், புதுச்சேரி

போகாமலேயே எடை போட்டார்கள், தம்பி. வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களை கலிலியோ 1610இல் கண்டார். ஒரு கோளைச் சுற்றி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கோளின் நிறை நம் கையில் சிக்கிவிடும். தூரத்தின் முப்படியைச் சுற்றும் காலத்தின் இருபடியால் வகுத்தால் வரும் எண், நடுவில் இருப்பதன் நிறைக்கு விகிதமாக இருக்கும்.

ஒரு தாளை எடுங்கள். நம் நிலா 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் 27.3 நாளில் சுற்றுகிறது. வியாழனின் துணைக்கோள் கலிஸ்டோ 18,83,000 கிலோமீட்டர் தூரத்தில் 16.7 நாளில் சுற்றுகிறது. தூரம் 4.9 மடங்கு, முப்படி எடுத்தால் ஏறத்தாழ 117.5. வேகமாகச் சுற்றுவதால் காலம் 1.64இல் ஒரு பங்கு, இருபடி 2.68. இரண்டையும் பெருக்கினால் 315. பூமியைப் போல வியாழன் 318 மடங்கு நிறை என்பது இன்றைய அளவு. அந்த மூன்று எங்கே போயிற்று? நிலாவுக்கும் கொஞ்சம் நிறை உண்டு. நாம் ஒப்பிட்டது பூமியோடு அல்ல, பூமியும் நிலாவும் சேர்ந்த நிறையோடு. ஒன்றேகால் சதவீத அந்தப் பாக்கியைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். இப்படிப் பாக்கி எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பதில் எனக்கு இன்றும் தனி மகிழ்ச்சி.

வேற்றுக் கோளில் எடை எவ்வளவு என்ற பட்டியலை முதலில் போட்டவர்களில் நியூட்டனும் ஒருவர். அவருடைய 'பிரின்சிபியா' நூலின் 1726ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இருக்கிறது. ஒரே பொருளின் எடை சூரியனில் 10,000 என்றால் வியாழனில் 943, சனியில் 529, பூமியில் 435 என்கிறார். அதன்படி சூரியனில் எடை நம்மைப் போல 23 மடங்கு. உண்மையில் 28. அக்காலத்தில் சூரியனுக்கும் பூமிக்கும் இடையேயான தூரத்தைக் குறைவாக மதிப்பிட்டிருந்ததால் வந்த பிசகு. தொலைநோக்கியும் தாளும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கினாரே!

ஆனால் இவையெல்லாம் விகிதங்கள். எத்தனை கிலோ என்று சொல்ல, பூமியின் நிறை தெரிய வேண்டும். அதற்கு 1798 வரை காத்திருந்தார்கள். ஹென்றி காவெண்டிஷ் ஒரு மெல்லிய கம்பியில் குறுக்குக் கோலைத் தொங்கவிட்டு, அதன் முனைகளில் இருந்த சிறிய ஈயக் குண்டுகளை 158 கிலோ ஈயக் குண்டுகள் எவ்வளவு இழுக்கின்றன என்று அளந்தார். தான் அருகில் போனால் உடம்புச் சூட்டில் காற்று அசையும் என்று அறைக்கு வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்று அறிவித்தார். இன்றைய அளவு 5.51. தராசுத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால் இவரைத்தான் சொல்வேன்.

துணைக்கோள் இல்லாத வெள்ளிதான் இவர்களைத் திணறடித்தது. அது மற்றக் கோள்களின் பாதையை எவ்வளவு அசைக்கிறது என்பதை வைத்தே கணக்குப் போட வேண்டியிருந்தது. 1962இல் மரைனர் 2 அருகில் பறந்துபோன பிறகு அளவு துல்லியமானது. புளூட்டோவின் கதையும் அதேதான். 1978இல் சாரன் என்ற துணைக்கோள் தென்பட்ட பிறகே அதன் நிறை நம் நிலாவைவிடவும் மிகக் குறைவு என்பது உறுதியாயிற்று.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்றால் அங்கே இருப்பவர்கள் உடல் எடையை எப்படிப் பார்க்கிறார்கள்?
— செவிலியர், திருநெல்வேலி

ஈர்ப்பு இருக்கிறது, அம்மா. நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் நின்று எடை பார்த்தால் 60 கிலோ ஆள் 53 கிலோ காட்டுவார். நிலையத்தில் இருப்பவரும் நிலையமும் எடை எந்திரமும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால், எந்திரத்தை யாரும் அழுத்துவதில்லை. முள் பூஜ்யத்தில் நிற்கும். கோல் தராசும் அங்கே உதவாது. இரண்டு தட்டுகளும் எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும்.

அதனால் ஆளை வில்லில் கட்டி ஆட்டுகிறார்கள். 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் இருந்த எடை நாற்காலி அப்படித்தான் வேலை செய்தது. நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளந்தால் நிறை தெரிந்துவிடும், ஈர்ப்பே தேவையில்லை. மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்குத் தசையும் எலும்பும் தேயும் என்பதால், இந்த அளவை உங்களைப் போன்றவர்கள்தான் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இலங்கைக்குத் தெற்கே கடலில் 'ஈர்ப்புப் பள்ளம்' இருக்கிறதாமே? கப்பல்கள் அதில் விழுந்துவிடாதா?
— வாசகர், இராமநாதபுரம்

பள்ளம் உண்மை. டச்சு ஆய்வாளர் வெனிங் மைனஸ் 1948இல் கண்டறிந்தது. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. தண்ணீர் ஈர்ப்பு அதிகமுள்ள பக்கம் ஒதுங்குவதால், கடல்மட்டம் எதிர்பார்க்கும் அளவைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாழ்வு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்தது. கப்பலில் இருப்பவருக்குச் சரிவே தெரியாது. உங்கள் எடையில் வரும் மாற்றம் சில கிராம். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தால் அதைவிடப் பல மடங்கு கூடும்.

நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு என்றால், ஓடிப்போய்ச் சுவரில் மோதினாலும் வலி ஆறில் ஒரு பங்குதானா?
— பள்ளி மாணவன், பரமத்தி வேலூர்

உயரத்திலிருந்து கீழே விழுந்தால் அடி குறைவுதான். அதே உயரம், ஆனால் தரையைத் தொடும்போது வேகம் குறைவு. பக்கவாட்டில் சுவரில் மோதினால் ஒரு சலுகையும் கிடையாது. உன் நிறை அப்படியே இருக்கிறது, வேகமும் அப்படியே. மண்டை இங்கே வீங்கும் அளவுக்கே அங்கேயும் வீங்கும்.

அப்பல்லோ வீரர்களுக்கு இதுதான் தொல்லை. கால் தரையை அழுத்தும் விசை ஆறில் ஒன்றாகிவிடுவதால் உராய்வும் ஆறில் ஒன்றாகிறது. ஆனால் உடம்பும் கனத்த விண்ணுடையும் சேர்ந்த நிறை முழுசாகவே இருக்கிறது. ஓட ஆரம்பித்தால் நிற்பது கஷ்டம். அவர்கள் கங்காருபோலத் தாவியதும் இடறி விழுந்ததும் இதனால்தான்.

உங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் சித்தம்பூண்டிப் பாறையை இஸ்ரோ பொடித்து எடுத்துப்போனது தெரிந்திருக்கும். நிலாவின் மேட்டுநில மண்ணைப் போன்ற அனார்த்தொசைட் வகைப் பாறை அது. தரையிறங்கும் கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க அந்தப் பொடியைப் பரப்பினார்கள். மண்ணை அப்படி உண்டாக்கிவிடலாம். ஈர்ப்பை உண்டாக்க வழியில்லை. 26 கிலோ பிரக்யான் ஊர்தி இங்கே 26 கிலோ அழுத்தத்தோடு மண்ணில் பதியும். நிலாவில் அதன் சக்கரங்களின் அழுத்தம் மொத்தம் நாலேகால் கிலோதான். அந்த வித்தியாசத்தைப் பொறியாளர்கள் தனியாகக் கணக்கில் எடுத்தாக வேண்டும். 2023 செப்டம்பர் 3 அன்று விக்ரம் கலம் தன் எந்திரத்தை மறுபடி இயக்கி 40 சென்டிமீட்டர் எழும்பி இறங்கியது. அதைத் தூக்கப் பூமியில் தேவைப்படும் விசையில் ஆறில் ஒரு பங்கு அங்கே போதும்.

எந்த உணவுக்கட்டுப்பாடும் எனக்குப் பலிக்கவில்லை. சூரியக் குடும்பத்தில் எடை மிகக் குறைவாகக் காட்டும் இடம் எது?
— இல்லத்தரசி, சேலம்

கோள்களில் தேடாதீர்கள், அம்மா. வால்நட்சத்திரத்துக்குப் போங்கள். 67பி என்ற வால்நட்சத்திரம் நான்கு கிலோமீட்டர் அகலம்தான். 2014 நவம்பர் 12 அன்று ஐரோப்பியர்களின் ஃபைலே கலம் அதில் இறங்கியது. பூமியில் நூறு கிலோ. அங்கே ஒன்றிரண்டு கிராம். அதைத் தரையோடு பிடித்துவைக்க ஈட்டிகள் வைத்திருந்தார்கள், அவை பாயவில்லை. மேலிருந்து அழுத்த வைத்திருந்த உந்தியும் வேலை செய்யவில்லை. தரையைத் தொட்ட கலம் நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் எழும்பியது. ஒரு குழந்தை தவழும் வேகம். அதற்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் போய்விட்டது. மறுபடி தரைக்கு வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் ஒரு பாறை மறைவில் போய் நின்றது. வெயில் போதாமல் மூன்று நாளுக்குள் மின்கலம் தீர்ந்தது.

அந்த இடத்திலிருந்து தப்பிப் போக நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் இருந்தால் போதும். நீங்கள் இங்கே உயரத்தில் இருக்கும் ஊறுகாய் ஜாடியை எடுக்க எம்பும்போது அதைவிட இரண்டு மடங்கு வேகம் இருக்கும். அங்கே அப்படி எம்பினால் திரும்பித் தரைக்கு வரமாட்டீர்கள். சேலத்திலிருந்து கொண்டுபோன கொழுப்பும் ஒரு கிராம்கூடக் குறையாமல் உங்களுடனேயே வரும்.